டெத் வாலிக்குப் போன சூப்பர்சார்ஜர்

லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து டெத் வாலிக்குப் புறப்படுகிறவர்கள், வெயில் ஏறுவதற்குள் கஹோன் கணவாயைத் தாண்டி மொஹாவி பாலைவனத்தில் பாதித் தூரமாவது போய்விட வேண்டும் என்று, இருட்டோடு இருட்டாகவே கிளம்பிவிடுவது வழக்கம். நாங்கள் வெயிலைத் தேடியே போகிறவர்களாகையால், ஜூலை மாதத்து ஒரு காலையில் சாவகாசமாகக் காபி குடித்துவிட்டு, நகரத்துக்குக் கிழக்கே சீனோ என்னும் ஊரின் விமானத் தளத்தை ஒட்டியிருக்கும் பழைய விமானங்களின் பொருட்காட்சிசாலைக்கு, அதன் கதவு திறக்கும் சமயத்துக்குப் போய் இறங்கினோம்.

காரை ஓட்டியவன் என் தமக்கையின் மகன். யந்திரங்களின்மேல் சிறு வயது முதலே பித்துக் கொண்டவன். வண்டி ஒரு காடிலாக் சி.டி.எஸ்-வி. பார்வைக்கு அது குடும்பஸ்தர்கள் வைத்திருக்கும் நாலு கதவுக் காராகத்தான் தெரியும். ஆனால் பானெட்டைத் தூக்கினால், 6.2 லிட்டர் கொள்ளளவுள்ள எட்டு சிலிண்டர் எஞ்சினும் அதன் தலைமேல் ஏறி உட்கார்ந்த சூப்பர்சார்ஜரும் காட்சி தரும். தொழிற்சாலையை விட்டு வரும்போதே 556 குதிரைத்திறன். ஜெர்மனியிலுள்ள நூர்பர்க்ரிங் என்னும் நெடும் பந்தயச் சாலையை 2008-இல் எட்டு நிமிஷத்துக்கும் குறைவாகச் சுற்றி வந்து பெயர் வாங்கிய ஜாதி அது. என் மருமானுக்கு இவ்வளவும் போதவில்லை. சூப்பர்சார்ஜரைச் சுழற்றும் புல்லியைக் கழற்றிவிட்டு, அதைவிடச் சிறியதாக ஒன்றை மாட்டி, அது முன்னிலும் வேகமாகச் சுழன்று முன்னிலும் அதிகமான காற்றை எஞ்சினுக்குள் திணிக்கும்படி செய்திருந்தான். குளிர்காலத்தில் எல்லாம் அமோகமாக நடந்தது. கோடை வந்ததும், முதல் ஓட்டத்தில் சீறிப் பாய்ந்த கார் மூன்றாவது ஓட்டத்துக்குள் சோர்ந்துபோக ஆரம்பித்தது.

கோளாறு உஷ்ணத்தினால் என்பதில் அவனுக்கு ஐயமில்லை, பரிகாரத்தில்தான் ஐயம். காரின் முகப்பிலுள்ள சிறு ரேடியேட்டரை மாற்றிப் பெரிதாகப் போடலாம். தண்ணீரைச் சுற்றவிடும் மின்சாரப் பம்பை வலுவுள்ளதாக மாற்றலாம். டிக்கியில் ஒரு தொட்டி வைத்து ஐஸ் போட்ட ஜலத்தைச் சுற்றவிடலாம். மூன்றாவது பரிகாரத்தில் அவனுக்கு மோகம் அதிகமாதலால், ஸ்டெப்னி இருக்கவேண்டிய குழியில் அலுமினியத் தொட்டி ஒன்று ஏற்கெனவே வந்து உட்கார்ந்துவிட்டது. "இருக்கிறதிலேயே சூடான இடத்துக்குக் கொண்டுபோய் ஓட்டிப் பார்த்துட்டா தெரிஞ்சுடும் மாமா" என்றான். நான் கல்லூரியில் பௌதிகம் போதித்து ஓய்வு பெற்றவன். கணக்குப் போட ஓர் ஆள் கூட இருந்தால் நல்லது என்று என்னையும் ஏற்றிக்கொண்டான்.

காற்றை அமுக்கினால் அது சூடேறும் என்பது, சைக்கிளுக்குக் காற்றடித்த எவரும் பம்பின் அடிப்பாகத்தைத் தொட்டு அறிந்துகொண்ட விஷயம். இண்டியானா மாநிலத்துக் கானர்ஸ்வில் என்ற ஊரில் ரூட்ஸ் சகோதரர்கள் 1860-இல் காப்புரிமை பெற்ற ஊதுயந்திரம், பின்னால் சுரங்கங்களுக்கும் உலைக்களங்களுக்கும் காற்றனுப்பப் பயன்பட்டது. எதிரெதிராகச் சுழலும் இரண்டு உருளைகள் ஒன்றையொன்று தொடாமல் காற்றை வாரி வாரி அப்பால் தள்ளும் அதே யுக்திதான், நாலு இதழ்களும் நீண்ட முறுக்கும் பெற்று, ஈட்டன் கம்பெனியின் தயாரிப்பாக இந்தக் காரில் வேலை செய்கிறது. வெளிக்காற்று 45 டிகிரி செல்ஷியஸ் என்றும், அதை ஒன்றரை மடங்குக்குச் சற்று அதிகமாக அமுக்குவதாகவும் வைத்துக்கொண்டு, ஊதுயந்திரத்தில் நேரும் இயல்பான விரயத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், காற்று ஏறத்தாழ 115 டிகிரியில் வெளிவரும். சூடான காற்று விரிந்து அடர்த்தி குறைந்துவிடுவதால் சிலிண்டருக்குள் போகும் பிராணவாயு குறைகிறது. இது முதல் நஷ்டம். சிலிண்டருக்குள் தீச்சுடர் பரவி வந்து சேர்வதற்கு முன்பே ஒரு மூலையிலிருக்கும் பெட்ரோல் ஆவி தானாகப் பற்றிக்கொண்டு, சம்மட்டியால் அடித்தாற்போல் பிஸ்டனைத் தாக்கக்கூடும். மெக்கானிக்குகள் நாக்கிங் என்று சொல்லும் இந்த அபாயம் முதலாவதைவிடப் பெரியது. காரின் கணினி, உள்ளே போகும் காற்றின் சூட்டைப் பார்த்து, தீப்பொறி விழும் நேரத்தை முன்கூட்டியே தாமதப்படுத்திவிடுகிறது. எஞ்சின் பிழைத்துக்கொள்ளும், குதிரைகளில் ஒரு பகுதி லாயத்துக்குத் திரும்பிவிடும்.

இதைத் தடுப்பதற்கென்று ஏற்பட்டதுதான் இன்டர்கூலர். சில கார்களில் சூடான காற்றையே குழாய் வழியாக முகப்புக்குக் கொண்டுபோய்க் குளிர்வித்துத் திருப்பிக் கொண்டுவருவார்கள். காடிலாக்கில் அப்படி இல்லை. சூப்பர்சார்ஜரின் மூடிக்குள்ளேயே, உருளைகளுக்கு மேலாக, தண்ணீர் ஓடும் மெல்லிய தகட்டு அடுக்கு ஒன்று இருக்கிறது. அமுக்கப்பட்ட காற்று மேலெழும்பி அதன் வழியாகப் புகுந்து சூட்டைத் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு எஞ்சினுக்குள் இறங்குகிறது. தண்ணீர் பம்பினால் உந்தப்பட்டு முகப்பிலுள்ள சிறு ரேடியேட்டருக்குப் போய், அந்தச் சூட்டை எதிர்க்காற்றுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறது. எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீருக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. அது தொண்ணூறு டிகிரிக்கு மேல் கொதிநிலையை நெருங்கிக்கொண்டிருக்கும், இது வெளிக்காற்றைவிடச் சற்றே அதிகச் சூட்டில் இருந்தால்தான் பிரயோஜனம்.

சீனோவில் நாங்கள் பார்க்கப் போனது இந்த ஏற்பாட்டின் மூதாதையை. பி-51 மஸ்டாங் என்ற யுத்த விமானம் அங்கே பளபளவென்று நிற்கிறது. அதை உருவாக்கிய நார்த் அமெரிக்கன் கம்பெனியின் தொழிற்சாலை, இன்றைய லாஸ் ஏஞ்சலிஸ் சர்வதேச விமான நிலையத்தின் அருகே, இங்கிள்வுட்டில் இருந்தது. எஞ்சினோ, ரோல்ஸ்-ராய்ஸ் மெர்லினின் அமைப்பைக் கொண்டு அமெரிக்காவில் பாக்கார்டு கம்பெனி செய்தது. மிக உயரத்தில் பறப்பதற்காக மெர்லினில் காற்றை ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு தடவை அமுக்கினார்கள். 1942-இல் இந்த இரட்டை அடுக்கு எஞ்சினோடு ஒன்பதாம் ரக ஸ்பிட்ஃபயர் விமானங்கள் யுத்தத்தில் இறங்கின. இரண்டு தடவை அமுக்கினால் சூடும் இரட்டிக்குமாதலால், தண்ணீர் சுற்றும் குளிர்விப்பான் இல்லாமல் காரியம் நடக்காது என்றாயிற்று. ஆக, தனிப் பம்பு, தனித் தொட்டி, தனி ரேடியேட்டர் என்று என் மருமான் காரிலுள்ள அத்தனை உறுப்புகளும் அந்த யுத்தகாலத்திலேயே வானத்தில் பறந்துவிட்டன.

மஸ்டாங்கின் வயிற்றுக்கடியில் ஒரு பெரிய காற்றுவாய் தொங்குகிறது. குனிந்து அதற்குள் எட்டிப் பார்த்தபடி நான் வெகுநேரம் நின்றுவிட்டேன். வாய் சிறியது, உள்ளே போகப் போக விரிகிறது, விரியும் இடத்தில் காற்று வேகம் தணிந்து அழுத்தம் பெற்று, எஞ்சின் ரேடியேட்டரும் இன்டர்கூலர் ரேடியேட்டரும் சேர்ந்து நிற்கும் அடுக்குக்குள் ஆற அமரப் புகுகிறது, பிறகு வழி மறுபடியும் குறுகி, சூடேறிய காற்று வேகமெடுத்துப் பின்னால் பாய்கிறது. அப்படிப் பாயும் காற்று விமானத்தைச் சிறிது முன்னே தள்ளவும் செய்யும் என்பதை மெரிடித் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி 1930-களின் நடுவில் கணக்கிட்டுக் காட்டினார். தள்ளியது எவ்வளவு என்பதில் இன்னும் சர்ச்சை உண்டு. ஆனால் அந்த வழியின் தகடுகளில் ஒரு விரல் நுழையும் இடைவெளிகூட இல்லை என்பதை நானே கண்ணால் பார்த்தேன். வெளியே வந்து காடிலாக்கின் முகப்புக் கம்பிவலைக்குள் கையை விட்டேன். வலைக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே, இரு பக்கத்திலும், என் உள்ளங்கை தாராளமாக நுழைந்தது. சுலபமான சந்து பக்கத்திலேயே இருக்கும்போது, நெருக்கமான தகடுகளுக்குள் புகுந்து கஷ்டப்படக் காற்றுக்கு என்ன தலையெழுத்து? இதைச் சொன்னேன். "அதெல்லாம் கடைசியில பாத்துக்கலாம் மாமா" என்று சொல்லிவிட்டு அவன் காரைக் கிளப்பினான்.

கஹோன் கணவாயில் சாலை நாலாயிரம் அடிக்கு மேல் ஏறி, பிறகு பாலைவனத்தின் மேட்டுச் சமவெளியில் விழுகிறது. பார்ஸ்டோ வரையில் லாரிகளும், லாஸ் வேகாஸில் பணத்தைத் தொலைக்கப் போகிறவர்களும், தொலைத்துவிட்டு வருகிறவர்களும்தான். விசேஷமாக எழுத ஒன்றுமில்லை. பேக்கர் என்ற சிற்றூரில் 134 அடி உயரமுள்ள ஒரு தெர்மாமீட்டர் கோபுரம் நிற்கிறது. 1913-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் தேதி டெத் வாலியின் ஃபர்னஸ் கிரீக்கில் 134 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 56.7 செல்ஷியஸ், பதிவாயிற்று. உலகத்தில் அங்கீகாரம் பெற்ற காற்றுச் சூட்டுகளில் அதற்கு மிஞ்சியது இல்லை. டிகிரிக்கு ஓர் அடி வீதம் அந்தக் கோபுரத்தை 1991-இல் எழுப்பினார்கள். அதன்மேல் அன்றைய எண் 108 என்று எரிந்துகொண்டிருந்தது. மருமானுக்கு முகம் வாடிவிட்டது; போதாதாம்.

பேக்கரில் பெருஞ்சாலையை விட்டு வடக்கே திரும்பினால் ஜனசந்தடி சட்டென்று அற்றுப்போகிறது. உப்புப் பூத்த வறண்ட ஏரிகள், மணல்மேடுகள், ஷோஷோன் என்ற குக்கிராமம். அப்புறம் டெத் வாலி ஜங்க்ஷன். 1967-இல் மார்த்தா பெக்கெட் என்ற நியூயார்க் நாட்டியக்காரி இந்தப் பக்கமாகப் பிரயாணம் செய்தபோது டயர் பழுதாகி இங்கே நிற்க நேர்ந்தது. அவர் இங்கே பாழடைந்து கிடந்த மண்டபம் ஒன்றைப் பார்த்து மனதைப் பறிகொடுத்து, அடுத்த வருஷம் அதை அமர்கோசா ஆபரா ஹவுஸ் என்று ஆக்கி, பல்லாண்டு காலம் அங்கேயே நாட்டியமாடினார். பார்க்க ஆள் வராத நாட்களுக்காகச் சுவர்கள் முழுவதும் ஒரு சபையையே சித்திரமாக எழுதிவைத்தார். மோட்டார் பழுதினால் உலகத்துக்கு நன்மை விளைந்ததாக எனக்குத் தெரிந்த உதாரணம் இது ஒன்றுதான்.

அங்கிருந்து ஃபர்னஸ் கிரீக்குக்கு முப்பது மைல். சாலை ஒரு மேட்டைத் தாண்டியதும் இறங்கிக்கொண்டே போகிறது. கடல் மட்டம் என்று ஒரு பலகை வருகிறது. அதற்குப் பிறகும் இறங்குகிறது. ஃபர்னஸ் கிரீக் கடல் மட்டத்துக்கு 190 அடி கீழே. இன்னும் தெற்கே பேட்வாட்டர் என்ற உப்புத்தரை 282 அடி கீழே. இரு பக்கமும் மலைச்சுவர்கள் எழுந்து நிற்பதால், தரையில் சூடேறிய காற்று மேலே எழுந்து, ஆறி, வெளியேற வழியில்லாமல் மறுபடியும் கீழே இறங்கி அமுக்கமடைந்து, இன்னும் சூடாகிறது. சூப்பர்சார்ஜருக்குள் க்ஷணத்தில் நடப்பதையே இயற்கை இங்கே நிதானமாக, மைல் கணக்கான விஸ்தாரத்தில் நடத்துகிறது. காரின் கதவைத் திறந்தேன். எதிர்ப்பட்ட காற்று முகத்தில் அறைந்தது. காரின் கருவி 47 டிகிரி காட்டியது. மருமானுக்கு மகிழ்ச்சி திரும்பிவிட்டது.

பெரிய மோட்டார் கம்பெனிகள் தங்கள் புதுக் கார்களைக் கோடையில் இங்கேதான் பரீட்சிக்கின்றன. கறுப்பும் வெள்ளையுமாகச் சுழிச்சித்திரம் அச்சிட்ட காகிதத்தை உடம்பெல்லாம் ஒட்டிக்கொண்டு, இன்ன கார் என்று தெரியாதபடி, வேஷதாரிகளாக மூன்று வண்டிகள் பெட்ரோல் பங்கில் நின்றிருந்தன. அவற்றின் பக்கத்தில் நின்றவர்கள் எங்கள் காரைப் பார்த்துப் புன்னகை செய்தார்களே தவிர, பேச்சுக் கொடுக்கவில்லை. இந்தப் பள்ளத்தாக்கின் பூர்வகுடிகளாகிய திம்பிஷா ஷோஷோன் மக்கள் பரம்பரையாகக் கோடையில் பானமின்ட் மலைமேல் ஏறிக் குடியிருந்துவிட்டு, வெயில் தணிந்த பிறகு கீழே இறங்குவார்கள். அந்த விவேகம் அன்றைக்கு அங்கே கூடியிருந்த எங்களில் ஒருவருக்கும் இல்லை.

கடையில் இருபது பவுண்டு ஐஸ் பை ஒன்று வாங்கினோம். தொட்டிக்குள் ஒன்று, முகப்பு ரேடியேட்டருக்குள் நுழையும் ஹோஸில் ஒன்று, வெளிவரும் ஹோஸில் ஒன்று என்று மூன்று இடத்தில் மருமான் உஷ்ணம் காட்டும் கம்பிகளை ஒட்டி, அவற்றின் எண்களை முன்னாலிருந்த சிறு திரையில் தெரியும்படி செய்திருந்தான். வெகுதூரம் ஓடிவந்த சூட்டில் தொட்டி ஜலம் 55 டிகிரியில் இருந்தது. இடம் பண்ணுவதற்காகக் கொஞ்சம் இறைத்துவிட்டு, ஐஸைக் கொட்டினான். சடசடவென்று வெடிக்கும் ஓசை கேட்டது; சற்று நேரத்தில் எண் பூஜ்யத்தை எட்டிவிட்டது. அவன் கைதட்டாத குறை. நான் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். கொட்டிய ஐஸில் கால் பங்குதான் மிதந்தது. ஒரு கிலோ ஐஸ் உருகுவதற்கு 334 கிலோஜூல் உஷ்ணம் வேண்டும். ஒரு கிலோ தண்ணீரை 55 டிகிரியிலிருந்து பூஜ்யத்துக்கு இறக்கினால் 230 கிலோஜூல் வெளிப்படும். பத்துக் கிலோ வெந்நீருக்கு ஒன்பது கிலோ ஐஸ் என்றால், முக்கால் பங்கு ஐஸ் அந்த வெந்நீரைக் குளிர்விப்பதிலேயே செலவாகிவிடும் என்பது காகிதம் இல்லாமலே போடக்கூடிய கணக்கு. கார் இன்னும் ஓர் அடி நகரவில்லை.

நகர்ந்த பிறகு நடந்தது இன்னும் வேடிக்கை. ஊரைத் தாண்டியதும் ஹார்மனி போராக்ஸ் ஆலையின் இடிபாடுகள் வருகின்றன. 1880-களில் இங்கிருந்து 165 மைல் தூரத்திலுள்ள மொஹாவி ரெயில் நிலையத்துக்கு, பதினெட்டுக் கோவேறு கழுதைகளும் இரண்டு குதிரைகளும் பூட்டிய வண்டிகளில் போராக்ஸ் போயிற்று; பாரவண்டிகளுக்குப் பின்னால் 1,200 காலன் தண்ணீர் பிடிக்கும் தொட்டிவண்டி ஒன்றும் கட்டியிருப்பார்கள். அதைப் பற்றி நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மருமான் திரையைப் பார்த்து, "மாமா, இது என்ன தலைகீழா இருக்கு?" என்றான். முகப்பு ரேடியேட்டருக்குள் 6 டிகிரியில் போன தண்ணீர் 14 டிகிரியில் வெளிவந்துகொண்டிருந்தது! சூட்டை வெளியேற்றவேண்டிய ரேடியேட்டர் சூட்டை உள்ளே வாங்கிக்கொண்டிருந்தது. தலைகீழ் ஒன்றுமில்லை, உஷ்ணம் சூடான இடத்திலிருந்துதான் குளிர்ந்த இடத்துக்குப் போகும், வெளிக்காற்று 47, தண்ணீர் 6, ஆகவே மணிக்கு அறுபது மைல் வேகத்தில் பாலைவனம் முழுவதையும் டிக்கியிலிருந்த ஐஸ் குளிர்விக்க முயன்றுகொண்டிருந்தது. இத்தனைக்கும் சூப்பர்சார்ஜர் அப்போது ஏறக்குறைய சும்மாதான் சுழன்றது. சமவெளியில் நிதானமாக ஓடும்போது அதன் பக்கவழி வால்வு திறந்துகொண்டு காற்றை அமுக்காமலே சுற்றிவிடுமாகையால், குளிர்ச்சி தேவைப்பட்ட நேரமும் அதுவல்ல. ஸ்டவ்பைப் வெல்ஸ் என்ற அடுத்த ஊர் இருபத்தைந்து மைலுக்குள் இருக்கிறது. பாதி வழியிலேயே எண் நாற்பதைத் தாண்டிவிட்டது.

ஐஸ் தொட்டி பயனற்றது என்று இதனால் நான் சொல்லவில்லை. கால் மைல் பந்தயத்தில் இந்த மாதிரி கார் பன்னிரண்டு விநாடி சுமாருக்குத்தான் முழுப் பலத்தோடு ஓடுகிறது. முழுப் பலத்தில் இன்டர்கூலர் வாங்கவேண்டிய உஷ்ணம், நான் போட்ட கணக்குப்படி, இருபது கிலோவாட்டுக்குச் சற்று மேல். ஒரு கிலோ ஐஸ் பதினைந்து விநாடியைச் சமாளித்துவிடும். அங்கே ஐஸ் ராஜா. ஆனால் மலைச்சாலையிலும் நீண்ட பந்தயத்திலும், தொட்டி எவ்வளவு பெரிதானாலும், தண்ணீர் எவ்வளவு குளிர்ந்ததானாலும், அது வாங்கிய உஷ்ணத்தைத் தள்ளிப் போடுகிறதே தவிர ஒழிப்பதில்லை. முடிவில் அது காற்றுக்குத்தான் போயாக வேண்டும். போவதற்கு முகப்பில் எத்தனை சதுர அங்குலம் இருக்கிறது, அதன் வழியாக எவ்வளவு காற்று நிஜமாகவே புகுகிறது என்பதே கேள்வி. அந்தக் காற்றும் 47 டிகிரி என்றால், உலகத்திலுள்ள எந்த ரேடியேட்டரும் தண்ணீரை அதற்குக் கீழே இறக்காது.

ஸ்டவ்பைப் வெல்ஸில் பெட்ரோல் போட்டுவிட்டு, ஆளுக்கொரு குளிர்பானம் குடிப்பதற்குள், நின்றிருந்த எஞ்சினின் சூடெல்லாம் மேலேறி, அதன் நடுப்பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும் சூப்பர்சார்ஜருக்குள் ஊறிவிட்டது. காரைக் கிளப்பியபோது உள்காற்று 80 டிகிரி காட்டியது. சாவியைத் திருப்பியதும் பம்பும் நின்றுவிடுவதால் நேரும் சங்கடம் இது. 2018-ஆம் ஆண்டு ரகமாக வந்த டாட்ஜ் சாலஞ்சர் டீமன் என்ற காரில் இதற்கு நல்ல யுக்தி செய்திருக்கிறார்கள். எஞ்சினை நிறுத்திய பிறகும் விசிறியும் இந்தப் பம்பும் ஓடிக்கொண்டிருக்கும். அதில் இன்னொரு யுக்தியும் உண்டு: பந்தயத்துக்கு நிற்கும்போது ஏஸியின் குளிர்வாயுவை உள்ளிருப்பவர்களுக்குக் கொடுக்காமல் திருப்பி, இன்டர்கூலர் தண்ணீரைக் குளிர்விக்கப் பயன்படுத்துவது. 840 குதிரைத்திறன் வேண்டுமென்றால் கொஞ்சம் வியர்க்கத்தான் வேண்டும் போலிருக்கிறது. இதுவும் பந்தய மைதானத்துக்குச் சரி. ஏஸி வாங்கும் உஷ்ணத்தை வெளியே விடும் கண்டென்ஸரும் அதே முகப்பில், அதே காற்றை நம்பித்தானே நிற்கிறது?

ஸ்டவ்பைப் வெல்ஸ் கடல் மட்டத்தில் இருக்கிறது. அங்கிருந்து சுமார் பதினேழு மைலுக்குள் சாலை 4,956 அடி உயரமுள்ள டவுன் கணவாய்க்கு ஏறுகிறது. ஏஸியை நிறுத்திவிட்டு ஏறும்படி பலகை எச்சரிக்கிறது. வழியோரத்தில் அங்கங்கே ரேடியேட்டர் தண்ணீர் என்று எழுதிய தொட்டிகளை வைத்திருக்கிறார்கள். அவற்றில் ஒன்றின் பக்கத்தில் பழைய வேன் ஒன்று பானெட்டைத் திறந்துகொண்டு ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அதன் சொந்தக்காரர் நிழலில் உட்கார்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். உதவி வேண்டுமா என்று கேட்டதற்கு, பொறுமைதான் வேண்டும் என்று சொல்லிச் சிரித்தார்.

மெதுவாக ஊர்ந்த பாரவண்டிகளை ஏற்றத்தில் கடக்கும்போதெல்லாம் மருமான் ஆக்சிலேட்டரை அழுத்தினான். பக்கவழி வால்வு மூடிக்கொண்டு சூப்பர்சார்ஜர் ஊளையிட்டது. நான் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வெளிக்காற்று 44, ரேடியேட்டருக்குள் போன தண்ணீர் 63, வெளிவந்தது 60. இந்த மூன்று எண்களுக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தது என்று சொல்லலாம். பம்பு பலவீனமாக இருந்தால் தண்ணீர் ரேடியேட்டருக்குள் தங்கித் தயங்கி நன்றாகக் குளிர்ந்து வெளிவந்திருக்கும். உள்ளே போவதற்கும் வெளியே வருவதற்கும் வித்தியாசம் பெரிதாக இருந்திருக்கும். மூன்றே டிகிரி வித்தியாசம் என்றால் தண்ணீர் வேண்டிய வேகத்தில் ஓடுகிறது என்று அர்த்தம். அப்படி ஓடியும் அது வெளிக்காற்றைவிடப் பதினாறு டிகிரி அதிகச் சூட்டிலேயே திரும்புகிறதென்றால், குறை ரேடியேட்டரிலோ, அதற்கு வந்து சேரும் காற்றிலோ இருக்கிறது. பம்பை மாற்றியிருந்தால் பணம்தான் தண்டம்.

ஏற ஏற வெயிலின் உக்கிரம் தணிந்தது. ஆனால் காற்றும் மெலிந்தது. கணவாயின் உச்சியில் வாயு அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. எஞ்சினுக்குக் கிடைக்கும் காற்றும் குறைவு, ரேடியேட்டரைத் தழுவும் காற்றும் குறைவு. இதற்குள் எஞ்சினின் சூட்டைக் காட்டும் முள்ளும் நடுவைத் தாண்டி மேலே போயிருந்தது. முகப்பில் முதலாவதாக இன்டர்கூலர் ரேடியேட்டர், அதன் பின்னே ஏஸி கண்டென்ஸர், அதன் பின்னே எஞ்சின் ரேடியேட்டர் என்று வரிசையாக நிற்பதால், முன்னவர் சூடாக்கிவிட்ட காற்றைத்தான் பின்னவர் சுவாசிக்க வேண்டியிருக்கிறது. முதலாவதைப் பெரிதாக்கினால் மூன்றாவதற்குக் கஷ்டம் கூடும். உதிரி பாகம் விற்கிறவர்கள் இதை அதிகமாகப் பிரஸ்தாபிப்பதில்லை.

உச்சியில் நிறுத்திப் பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு வாதம் செய்தோம். முதலில் முகப்பின் சந்துகளைத் தகடும் ரப்பர் நுரைப் பட்டையும் கொண்டு அடைத்து, வலைக்குள் புகுந்த காற்று முழுவதும் மூன்று ரேடியேட்டர்களின் ஊடாகவே போகும்படி செய்ய வேண்டும். அதற்குப் பிறகும் போதாவிட்டால் பெரிய ரேடியேட்டர் வாங்கலாம் என்பது என் கட்சி. சீனோவில் பார்த்த வயிறு என் பக்கம் சாட்சி. இரண்டையும் சேர்த்தே செய்துவிட வேண்டும் என்பது அவன் கட்சி. ஐஸ் தொட்டியைக் கழற்றிவிட்டு ஸ்டெப்னியைத் திரும்ப வைக்கும்படி நான் சொன்னதை அவன் ஒப்புக்கொள்ளவே இல்லை. "கால் மைல் ஓட்டத்துக்கு அது வேணும் மாமா. நடுவுல ஒரு மூணுவழி வால்வு போட்டுட்டா, ஐஸ் இருக்கும்போது தண்ணி முன்பக்க ரேடியேட்டருக்குப் போகாம தொட்டியிலேயே சுத்திக்கும்" என்றான். பாலைவனத்தைக் குளிர்விக்கும் தர்மகாரியம் அத்தோடு நின்றுவிடும் என்பதால், அது எனக்கும் நியாயமாகப்பட்டது.

கணவாய்க்கு மேற்கே சாலை பானமின்ட் பள்ளத்தாக்கில் செங்குத்தாக இறங்கி, மறுபடியும் ஒரு மலையில் ஏறி, சியர்ரா நெவாடா மலைத்தொடரின் அடிவாரத்தில் ஒலாஞ்சாவுக்குப் போய்ச் சேருகிறது. அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையின் வாசலில், டெலிபோனுக்கு உயிர் வந்ததும், சாப்பிட என்ன வேண்டும் என்று என்னைக் கேட்பதற்கு முன்னால் ரேடியேட்டருக்கும் வால்வுக்கும் ஆர்டர் கொடுத்து முடித்துவிட்டான். தகட்டைப் பற்றிக் கேட்டேன். "அது வாங்க வேண்டாம் மாமா, கராஜ்ல நிறைய கிடக்கு. ஞாயித்துக்கிழமை நீங்க அளவு எடுங்க, நான் வெட்டுறேன்."